காதையும் கவனியுங்கள்!





தெமட்டகொடையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் ஒரு கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி. வாரத்தில் நான்கு நாட்கள் மோட்டார் சைக்கிளில் குருநாகல் வரை போய், கடை கடையாக ஓடர் எடுத்துக்கொண்டு, இரவில் வீடு திரும்புபவர். சகோதரி எழுதுவதைச் சுருக்கித் தருகிறேன்:

“வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் காதுக்குள் வண்டு இரைவது போல் இருக்கிறது என்கிறார். டீவியைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமளவு கூட்டி வைக்கிறார். பிள்ளைகள் பேசினால் ‘என்ன, என்ன’ என்று கேட்கிறார். நான் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. இதனால் வீட்டில் சண்டை. வெளிநாட்டிலிருந்து வந்த என் நானா காதில் வைக்கும் ஃபோம் அடைப்பான் கொடுத்தார். இரண்டு நாள் போட்டுவிட்டு, காது வலிக்கிறது என்று எறிந்துவிட்டார். மாமியோ, ‘ரோட்டில் காதை மூடிக்கொண்டு போகிறவன் லொறிக்குத்தான் இரையாவான்’ என்கிறார். இது காற்றினால் வருகிறதா? காதை மூடிக்கொண்டு ஓட்டுவது சரியா? வலிக்காத அடைப்பான் எது?”

மூன்றும் நல்ல கேள்விகள். இன்று எத்தனையோ வீடுகளின் அடுப்பு மோட்டார் சைக்கிளின் தயவில்தான் எரிகிறது. விற்பனைப் பிரதிநிதிகள், கூரியர் பிள்ளைகள், ஊபர், பிக்மீ நிறுவனங்களுக்காக உணவு கொண்டுபோகும் இளைஞர்கள் என்று நாள் முழுக்க ஹெல்மெட்டுக்குள் தலையை வைத்திருப்போர் நம் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. ஸ்கூட்டியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் சகோதரிகளும் பெருகிவிட்டார்கள். ஆகவே இம்மாதப் பக்கத்தை இந்தக் கடிதத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

தெமட்டகொடையில் இருப்பவர்களுக்குச் சத்தம் புதிதல்ல. ஒரு பக்கம் ரயில் பாதையும் எஞ்சின் நிறுத்தும் ஷெட்டும். மறு பக்கம் பேஸ்லைன் வீதியில் இரவு பகலாக லொறியும் பஸ்ஸும். ஆகவே காது கெடுகிறது என்றால் எஞ்சினும் ஹோர்னும்தான் காரணம் என்று நினைப்போம். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் விடயத்தில் இது பாதி உண்மைதான். நகருக்குள் மெதுவாகப் போகும்போது எஞ்சின் சத்தமும் தெருச் சத்தமும் மேலோங்கியிருக்கும். களனிப் பாலம் தாண்டி, கடவத்தை தாண்டி, கண்டி வீதியில் வேகம் 60, 65 கிலோமீற்றரை எட்டியதும் நிலைமை மாறிவிடும். அப்போது காதை அடிப்பது காற்று. ஹெல்மெட்டின் விளிம்பிலும், கழுத்துப் பக்கத்துத் திறப்பிலும், முன் கண்ணாடியின் ஓரத்திலும் காற்று மோதிச் சுழன்று இரைச்சலாகி உள்ளே புகுகிறது. விலை உயர்ந்த சைலன்சர் பூட்டினாலும் இந்தச் சத்தம் குறையாது.

பிரித்தானியாவில் 1990களில் மெக்கோம்ப் என்ற காது வைத்தியரும் வேறு சிலரும் இதை ஆராய்ந்தார்கள். ஓட்டுபவரின் காதருகே சிறிய மைக் வைத்து அளந்தபோது, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலேயே சத்தம் ஏறத்தாழ 90 டெசிபலைத் தொட்டது. 160 கிலோமீற்றரில் அது 110 டெசிபல் அளவுக்கு ஏறியது. நம் நாட்டில் 160இல் ஓட இடமுமில்லை, அனுமதியுமில்லை. அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளை விடுவதே இல்லை. ஆனால் 60, 70 என்பது நம் நெடுஞ்சாலைகளில் அன்றாட வேகம்.

ஹெல்மெட் போட்டால் சத்தம் குறையாதா என்று கேட்பீர்கள். ஹெல்மெட் மண்டையைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது. அதைப் போடாமல் ஒரு முழம்கூட வண்டியை நகர்த்தக் கூடாது. ஆனால் காற்று இரைச்சலை அது தடுக்காது. இரைச்சலின் பெரும்பகுதி ஹெல்மெட்டின் மேலேயே உண்டாகி உள்ளே இறங்குகிறது. தலைக்குப் பொருந்தாமல் ஆடும் ஹெல்மெட்டும், முகம் திறந்த ஹெல்மெட்டும் இன்னும் மோசம்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

டெசிபல் கணக்கு நமது கடைக் கணக்கைப் போன்றதல்ல. 3 டெசிபல் கூடினால் காதில் விழும் ஒலிச் சக்தி இரண்டு மடங்காகிறது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் ஒரு வரம்பு சொல்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் இருக்கலாம். 88 ஆனால் 4 மணித்தியாலம். 91 ஆனால் 2 மணித்தியாலம். 94 ஆனால் ஒரே ஒரு மணித்தியாலம். 100 டெசிபலுக்குக் கால் மணித்தியாலம்தான்.

இப்போது நம் சகோதரியின் கணவரைப் பாருங்கள். கொழும்பிலிருந்து குருநாகலுக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றர். நிட்டம்புவ, வரக்காப்பொல, அம்பேபுஸ்ஸ என்று போய்த் திரும்ப ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அதில் சந்தி, நெரிசல் எல்லாம் கழித்து மூன்று மணித்தியாலம் திறந்த பாதையில் ஓடினார் என்று வைத்துக்கொள்வோம். 91 டெசிபலுக்கு ஒரு நாளில் அனுமதிக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். அவர் அந்த வரம்பைத் தாண்டிவிட்டார். வாரத்தில் நான்கு நாள், ஆண்டுக் கணக்காக இப்படியே போகிறது.

வீட்டுக்கு வந்ததும் கேட்கும் வண்டு இரைச்சல், காது தரும் முதல் எச்சரிக்கை. அப்போது காது கொஞ்சம் மந்தமாகவும் இருக்கும். இரவு தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். சரியாகிவிட்டது என்று எண்ணி அடுத்த நாளும் போவார். இப்படிப் பல முறை நடந்த பிறகு ஒரு நாள் அது சரியாகாமலே நின்றுவிடும்.

ஏனென்றால், உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட பகுதியில் மிக நுண்ணிய மயிர்க் கலங்கள் இருக்கின்றன. ஒரு காதில் ஏறத்தாழ பதினையாயிரம். ஒலியைச் செய்தியாக்கி மூளைக்கு அனுப்புபவை இவைதான். தோலில் காயம் பட்டால் ஆறும். எலும்பு முறிந்தால் ஒட்டும். மனிதனுக்கு இந்தக் கலங்கள் ஒரு முறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அதற்கு மருந்தும் இல்லை, சத்திரசிகிச்சையும் இல்லை. மிச்சமிருப்பதைக் காப்பது ஒன்றுதான் வழி.

காது கொடுப்பதில்லையா, காது கேட்பதில்லையா?

குடும்பத் தலைவிகள் இந்த இடத்தை நிதானமாக வாசியுங்கள். சத்தத்தினால் கெடும் காது எல்லாச் சத்தத்துக்கும் ஒரே மாதிரிக் கெடுவதில்லை. முதலில் போவது மேல் சுருதிச் சத்தங்கள். லொறியின் உறுமல் நன்றாகக் கேட்கும். ஆண்களின் கனத்த குரல் கேட்கும். ஆனால் பெண்களின் குரலும் சிறு பிள்ளைகளின் குரலும் தெளிவில்லாமல் போகும். பேச்சிலும் உயிரெழுத்தின் ஓசை கேட்கும்; ச, ஸ, ஃப போன்ற காற்றோசைகள் தேய்ந்துவிடும். அதனால் யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது விளங்காது. மின்விசிறி ஓடும்போதோ, குசினியில் குழாய் திறந்திருக்கும்போதோ இன்னும் மோசம்.

இதன் விளைவு என்ன? கடையில் முதலாளிமாருடன் நன்றாகப் பேசிவிட்டு வரும் மனிதர், வீட்டில் மனைவி கூப்பிட்டால் திரும்பமாட்டார். “மற்றவர்கள் பேசினால் கேட்கிறது, நான் பேசினால் மட்டும் கேட்கவில்லையோ?” என்று நீங்கள் கோபிப்பீர்கள். “சும்மா சும்மா கத்துகிறாள்” என்று அவர் நினைப்பார். உண்மையில் இருவர் மீதும் குற்றமில்லை. கணவர் நம்மை மதிக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அவருடைய காது நலமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கடிதம் எழுதிய சகோதரிக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான்.

காதை மூடிக்கொண்டு ஓட்டலாமா?

மாமியின் அச்சம் நியாயமானது. மகன் மீதுள்ள பாசத்தில் சொல்கிறார். அவரைப் புறந்தள்ளாமல் விளக்கிச் சொல்லுங்கள்.

அடைப்பான் காதைச் செவிடாக்குவதில்லை. எல்லாச் சத்தத்தையும் ஓரளவு தாழ்த்துகிறது. காற்றின் இரைச்சல் தாழும்போது ஹோர்ன் சத்தமும் சேர்ந்தே தாழ்கிறது. ஆகவே ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. மேலும், மிகுந்த சத்தத்தில் காது திணறிப்போய் ஒலிகளைப் பிரித்தறிய முடியாமல் தடுமாறும். அந்தத் திணறல் நீங்கினால், வேகமாக ஓடும்போது ஹோர்ன் முன்னிலும் தெளிவாகக் கேட்கிறது என்று பலர் சொல்வார்கள். நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட ஒழுங்குவிதிப்படி வாகன ஹோர்னின் சத்தம் 2 மீற்றர் தூரத்தில் 105 டெசிபல் வரை இருக்கலாம். அடைப்பான் அதில் 15 டெசிபலைக் குறைத்தாலும் 90 மிஞ்சுகிறது. அது கேட்காமல் போகாது. காற்றிரைச்சலில் நாள் முழுவதும் அடிபட்ட மனிதர் களைத்துப் போவார், கவனமும் சிதறும். அதுவும் ஓர் ஆபத்துத்தான்.

ஆனால் மாமியின் பேச்சில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. பொரளைச் சந்தியிலும் மருதானையிலும் 20, 30 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது காற்றிரைச்சல் மிகக் குறைவு. அங்கே பக்கத்தில் நுழையும் முச்சக்கர வண்டியின் சத்தமும், பாதை கடக்கும் பிள்ளையின் குரலும் கேட்க வேண்டும். அந்த இடத்தில் மிக வலுவான அடைப்பானைத் திணித்துக்கொண்டு போவது தேவையற்றது. நகரத்துக்குள் சிறு தூரம் போய் வருபவருக்கு அடைப்பான் அவசியமில்லை. நீண்ட பாதையில் போகிறவர் வேகம் எடுக்கும் இடத்துக்கு முன் பாதையோரம் பாதுகாப்பாக நிறுத்திப் போட்டுக்கொள்ளலாம். ஓடிக்கொண்டே ஒரு கையால் காதைத் தொடவே கூடாது. அடைப்பான் போட்டாலும் போடாவிட்டாலும் பக்கக் கண்ணாடியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இங்கே இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹெல்மெட்டுக்குள் இயர்போன் வைத்துப் பாட்டோ பயானோ கேட்டுக்கொண்டு ஓடுவது காதுக்குப் பாதுகாப்பு அல்ல. அது வேறு காரியம். காற்றிரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவார்கள். ஆக இரண்டு சத்தமும் சேர்ந்து காதில் இறங்குகிறது. கவனமும் போய்விடுகிறது.

மார்க்கத்தில் தடை ஏதும் உண்டா என்றும் சிலர் கேட்பார்கள். செவி அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அதைக் காப்பதற்குத் தடை எங்கிருந்து வரும்?

எது வலிக்காது?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். காது அடைப்பான் பழைய சாமான்தான். 1907ஆம் ஆண்டு ஜெர்மனியில் மாக்ஸ் நெக்வர் என்ற மருந்தாளர் மெழுகும் பஞ்சும் கலந்து ஒன்றை உருவாக்கினார். முதலாம் உலக யுத்தத்தில் பீரங்கிச் சத்தத்துக்குப் படையினர் அதைப் பயன்படுத்தினார்கள். நசுக்கினால் மெல்ல விரியும் ஃபோம் வகை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டு, 1972இல் கடைகளுக்கு வந்தது. இன்று நான்கு வகைகள் நம் கைக்கு எட்டுகின்றன.

முதலாவது, ஃபோம். விலை மலிவு. சத்தத்தை அதிகம் தடுப்பதும் இதுதான். உருட்டி உள்ளே வைத்தால் காதின் வடிவத்துக்கேற்ப விரிந்து அமரும். ஹெல்மெட்டின் உள் மெத்தையில் படாமல் முழுவதும் உள்ளே அடங்கிவிடும் என்பதால் ஓட்டுபவருக்கு வசதி. ஆனால் போடத் தெரிய வேண்டும். கழுவிக் கழுவிப் பாவிக்க ஏற்றதல்ல.

இரண்டாவது, சிலிக்கன் அல்லது மென்மையான ரப்பர். குடை மேல் குடை வைத்தது போல இரண்டு மூன்று அடுக்கு இருக்கும். உருட்டத் தேவையில்லை, கழுவலாம், பல மாதம் பாவிக்கலாம். வெளியே நீட்டியிருக்கும் காம்பு ஹெல்மெட்டில் இடித்தால் வலிக்கும். காம்பு குட்டையானதைப் பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, உள்ளே சிறு வடி வைத்த அடைப்பான். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கென்றே விற்கப்படுகிறது. காற்றிரைச்சலைத் தாழ்த்தி, பேச்சையும் ஹோர்னையும் ஓரளவு தெளிவாக விடும். விலை கூடியது. நகரமும் நெடும்பாதையும் கலந்து ஓடுபவர்களுக்குப் பொருத்தம்.

நான்காவது, காதில் அச்சு எடுத்து அவரவருக்கென்றே செய்து கொடுப்பது. செவிப்புலன் கருவி விற்கும் நிலையங்கள் சிலவற்றில் கேட்டுப் பார்க்கலாம். விலை மிக அதிகம். தினமும் பல மணித்தியாலம் ஓடுபவருக்கு ஆண்டுக் கணக்கில் உழைக்கும்.

நீந்துவோருக்கென்று பார்மசியில் விற்பது தண்ணீரைத் தடுப்பதற்கானது. மெழுகு வகை நமது வெயிலில் இளகி ஒட்டும். வெறும் பஞ்சைத் திரித்து வைப்பது மனத்திருப்திக்குத்தான். அது தடுக்கும் சத்தம் மிகச் சொற்பம்.

பெட்டியின் மேல் என்.ஆர்.ஆர். என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். ஐரோப்பியச் சாமானில் அது எஸ்.என்.ஆர். என்றிருக்கும். எத்தனை டெசிபல் தடுக்கும் என்பதைக் காட்டுவது அது. ஃபோம் வகையில் இந்த எண் 33 வரை உண்டு. ஆனால் அது ஆய்வுகூடத்தில் சரியாகப் போட்டு அளந்த கணக்கு. நம் காதில் அவ்வளவு கிடைக்காது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: என்.ஆர்.ஆர். எண்ணில் 7ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்குவது. 33இல் 7 போனால் 26, பாதி 13. அதாவது 91 டெசிபல் காற்றிரைச்சல் 78ஆக இறங்கும். 25 என்று எழுதியதை எடுத்தால் 9 கிடைக்கும். 91 என்பது 82ஆகும். இரண்டுமே 85இன் கீழ்தான்!

இதன் பொருள் என்ன? நம் பாதைகளில் நாம் ஓடும் வேகத்துக்கு, கடையிலேயே மிக வலுவான அடைப்பானைத் தேடி அலைய வேண்டியதில்லை. நடுத்தரமானதே போதும். பார்க்க வேண்டியது, அவர் அதைக் கழற்றாமல் வைத்திருப்பாரா என்பதைத்தான். பயணத்தில் பாதி நேரம் மட்டும் போட்டு, பாதி நேரம் கழற்றிவிட்டால், எவ்வளவு உயர்ந்த சாமானாக இருந்தாலும் கிடைப்பது 3 டெசிபல் பாதுகாப்புத்தான். ஏனெனில் மற்றப் பாதி நேரத்தின் சத்தம் முழுவதும் காதில் இறங்கிவிட்டது. பத்தில் ஒன்பது பங்கு நேரம் போட்டாலும் 10 டெசிபலைத் தாண்டாது. ஆக, வலிக்காதது எதுவோ அதுவே நல்லது. வலிக்கும் சிறந்த அடைப்பான் சட்டைப் பைக்குள் கிடந்து என்ன பயன்?

ஏன் வலிக்கிறது?

காதுத் துவாரம் எல்லோருக்கும் ஒரே அளவல்ல. பெண்களுக்கும் இளம் வயதினருக்கும் பொதுவாகச் சிறியது. ஒரே ஆளின் இடது காதும் வலது காதும்கூட வேறுபடும். துவாரம் நேர்க் குழாயாக இல்லாமல் சற்று வளைந்திருக்கும். பெரிய ஃபோம் அடைப்பானைச் சின்னக் காதில் வைத்தால் அது விரிய முயன்று சுவரை அழுத்திக்கொண்டே இருக்கும். அரை மணித்தியாலத்தில் வலி வந்துவிடும். ஆகவே சிறிய அளவு என்று எழுதியதையும், தொட்டால் மென்மையானதையும் முதலில் முயன்று பாருங்கள். பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் தொழிலாளர் பாதுகாப்புச் சாமான்களோடு கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு சோடி வாங்கி, எது அவருக்குப் பிடிக்கிறது என்று பார்ப்பதே சிக்கனம். கயிறு கோத்தது வேண்டாம். ஹெல்மெட்டில் சிக்கி இழுக்கும்.

அடுத்தது போடும் முறை. பெரும்பாலானோர் விரலால் உள்ளே தள்ளுகிறார்கள். பாதிதான் போகும்; மீதி வெளியே நின்று ஹெல்மெட்டில் இடிக்கும். அதனால்தான் வலி, சத்தமும் குறையாது. இப்படிச் செய்யச் சொல்லுங்கள்:

கையைக் கழுவித் துடைத்த பின், ஃபோமை விரல்களுக்கிடையில் வைத்துச் சுருக்கம் விழாமல் ஊசி போல மெல்லியதாக உருட்ட வேண்டும். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த துவாரம் நேராகும். உடனே வலது கையால் ஃபோமை உள்ளே செலுத்தி, விரல் நுனியால் 20, 30 விநாடி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். நமது சூட்டில் ஃபோம் விரைவாக விரியும். ஆகவே உருட்டியதும் தாமதிக்கக் கூடாது. சரியாக அமர்ந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. இரண்டு உள்ளங்கைகளாலும் காதை மூடித் திறந்து பாருங்கள். சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் நன்றாக அமர்ந்துவிட்டது. கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். இறுக்கமாக அடைத்ததைச் சட்டென்று இழுத்தால் செவிப்பறை நோகும்.

முதல் நாளே மூன்று மணித்தியாலம் போடச் சொல்லாதீர்கள். வீட்டில் அரை மணித்தியாலம், பிறகு ஒரு குறுகிய பயணம் என்று ஒரு வாரம் பழகட்டும்.

ஸ்கூட்டி ஓட்டும் சகோதரிகளுக்கு

முதலில் அடைப்பான், அதன் மேல் முக்காடு, அதற்கு மேல் ஹெல்மெட் என்ற ஒழுங்கில் போடுங்கள். காதருகே துணி மடிப்பு மடிப்பாகச் சேர்ந்தால் ஹெல்மெட் அதை அழுத்த, அடைப்பான் குற்றமின்றியே காது வலிக்கும். தையல் தடிப்பில்லாத மெல்லிய உள்தொப்பி நல்லது. ஹெல்மெட்டின் உள்ளே காதுக்கு அருகில் குண்டூசி குத்தவே வேண்டாம். விழுந்தால் அது எங்கே இறங்கும் என்று யார் அறிவார்? முக்காட்டின் நுனி காற்றில் படபடத்தால் அதுவும் காதுக்கு இரைச்சல். ஹபாயாவின் ஓரமோ முக்காடோ சக்கரத்தில் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் உள்ளே செருகிக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் பள்ளிக்கூடம் போய் வருவதற்கு அடைப்பான் தேவையில்லை என்று முன்பே சொன்னேன்.

சுத்தம் முக்கியம்

நமது ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஈரமான காதை மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அரிப்பும் நீரும் வரும். பயணத்தின் நடுவே பள்ளிவாசலில் வுழூச் செய்து காதைத் தடவியவர், தொழுதுவிட்டு வந்து ஈரத்தோடு அடைப்பானைத் திணிக்கக் கூடாது. கைக்குட்டையால் காதின் வெளிப்புறத்தை ஒற்றி, ஈரம் உலர்ந்த பின் போட வேண்டும். மழையில் நனைந்தாலும் இதே முறை.

சிலிக்கன் வகையை இளஞ்சூட்டு நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி, நிழலில் உலர்த்தி, மூடியுள்ள சிறு டப்பாவில் வையுங்கள். ஃபோம் அழுக்கானாலோ, உருட்டினால் திரும்ப விரியாமல் போனாலோ எறிந்துவிடுங்கள். ஒருவர் போட்டதை மற்றவர் போடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வாயில் போட்டு விழுங்கினால் தொண்டையை அடைத்துவிடும்.

காதுக் குறும்பியை எடுக்கிறேன் என்று பஞ்சுக் குச்சியும் தீக்குச்சியும் விடுவதை நிறுத்துங்கள். அது குறும்பியை உள்ளே தள்ளுகிறது. அதன் மேல் அடைப்பானும் போனால் காது முழுவதும் அடைத்துக்கொள்ளும். காதில் சீழ் வடிபவர், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர், அண்மையில் காதில் சத்திரசிகிச்சை செய்தவர் வைத்தியரைக் கேட்காமல் அடைப்பான் போடக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காதில் வலி வந்து இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் கைமருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். அவர்களுக்குச் சாதாரணக் காதுப் புண்ணும் எலும்பு வரை இறங்கக்கூடும்.

சகோதரிகளே, அடைப்பான் இனி வரும் கேட்டைத் தடுக்கும். போனதைத் திருப்பித் தராது. ஆகவே உங்கள் வீட்டில் நீண்ட தூரம் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் இருந்து, அவருக்குக் காதிரைச்சல் நிற்காமல் இருந்தாலோ, பேச்சு விளங்காமல் போனாலோ ஒரு முறை கேள்திறன் பரிசோதனை செய்யுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. காதில் கருவி மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் சமிக்ஞை காட்டச் சொல்வார்கள். சத்தத்தினால் கெட்ட காது 4000 ஹேர்ட்ஸ் என்னும் மேல் சுருதியருகே பள்ளம் விழுந்தது போல வரைபடத்தில் தெரியும். திடீரென்று ஒரே நாளில் ஒரு காது கேட்காமல் போனால், அன்றோ மறுநாளோ போய்விட வேண்டும். அதற்கு விரைவில் மருந்து கொடுத்தால் பலன் உண்டு.

அதுவரை வீட்டில் ஒரு சிறு மாற்றம் செய்யுங்கள். குசினியிலிருந்து உரத்துக் கூப்பிடாமல், அவர் முன்னால் வந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்: “வாப்பாவின் பக்கத்தில் போய்ப் பேசு” என்று. நாளை காலை அவர் புறப்படும்போது சாப்பாட்டுப் பொதியோடு அந்தச் சிறு டப்பாவையும் எடுத்துக் கையில் கொடுங்கள்.